விரும்பி ஏற்றால்தான் விரதம்

நடுவர் அவர்களே, இந்த வெயிலிலும் எழும்பூர் வரை வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

துதாங்கம் என்ற கடும் விரதங்களைப் பிக்குகளின், அதாவது பௌத்தத் துறவிகளின், விருப்பத்துக்கு விட்டது அவர்களுடைய சங்கத்துக்குப் பலமா, பலவீனமா? பலமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணிச் சகோதரி என்ன கேட்டார்? “அண்ணா சாலையில் ஹெல்மெட்டைக்கூட அபராதத்துக்குப் பயந்துதான் போடுகிறோம், விரதத்தை இஷ்டத்துக்கு விட்டால் யார் இருப்பார்?” நல்ல கைதட்டல், நானும் தட்டினேன். ஆனால் சகோதரி, போலீசுக்குப் பயந்து போட்டாலும் ஹெல்மெட் மண்டையைக் காப்பாற்றும். பயந்து இருக்கிற விரதம் எதைக் காப்பாற்றும்?

பிக்குவுக்குக் கட்டாயமே இல்லையா என்ன? தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவில் பிக்குவுக்கு 227 விதிகள் இருக்கின்றன. அதற்கு மேல் வேண்டுபவர் எடுத்துக்கொள்ளத்தான் 13 துதாங்கங்கள். கந்தல் துணி அங்கி, மரத்தடி வாசம், சுடுகாட்டு வாசம், படுக்காமலே இருப்பது, இப்படிப் போகும். இவற்றில் சிலவற்றைக் கட்டாயமாக்கச் சொன்னவர் யார் தெரியுமா? புத்தரை எதிர்த்துச் சங்கத்தைப் பிளந்த அவருடைய சீடர் தேவதத்தன்! ஆயுள் முழுக்கக் காடு, பிச்சைச் சோறு, கந்தல், மரத்தடி, கூடவே மீனும் இறைச்சியும் கூடாது என்று ஐந்து கோரிக்கை வைத்தார். விரும்புகிறவர் செய்யட்டும் என்று புத்தர் மறுத்துவிட்டார். மரத்தடிக்கும் எட்டு மாதம்தான் அனுமதி. மழைக்காலத்தில் கூரை வேண்டுமே! இத்தனைக்கும் துதாங்கத்தில் முதல்வர் என்று தம் சீடர் மகாகாசியபரைப் புகழ்ந்தவரும் அதே புத்தர்தான்.

“இஷ்டம் என்றால் தளர்ந்துவிடும்” என்றார்கள். இந்த விரதங்களை விளக்கும் பாளி நூலான விசுத்திமக்கத்தைப் புரட்டுங்கள். எழுதிய புத்தகோசர் நம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவர். ஒரே அமர்வில் உண்ணும் துதாங்கத்தை எடுத்த பிக்கு பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது குரு வந்துவிட்டால்? ஒன்று இருக்கையைக் காப்பாற்று, இல்லாவிட்டால் சாப்பாட்டைக் கைவிடு என்கிறார் ஒரு தேரர், அதாவது மூத்த பிக்கு. எழுந்து குருவுக்குப் பணிவிடை செய்யலாம். மிச்சச் சோறு அவ்வளவுதான். இதில் தளர்ச்சி எங்கே சார்?

அந்த நூலின் உரையில் ஒரு கதை, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு தேரர் இரவிலும் படுப்பதில்லை. அது யாருக்கும் தெரியாது. ஒருநாள் மின்னல் வெளிச்சத்தில், அவர் படுக்கையில் உட்கார்ந்திருப்பதை இன்னொருவர் பார்த்துவிட்டார். “நீங்கள் படுக்கா விரதமா?” என்று கேட்டதும் தேரர் சட்டென்று படுத்துவிட்டார்! பெயர் வந்துவிடக் கூடாதே என்றுதான். பிறகு விரதத்தைப் புதிதாக எடுத்துக்கொண்டார். ஆசை குறையத்தானே விரதம்? புகழாசையும் ஆசைதானே?

அடுத்து வரும் எதிரணித் தலைவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: படுக்காமை சங்கத்தின் சட்டமாக இருந்திருந்தால், அன்று இரவு அந்தத் தேரர் படுத்திருக்க முடியுமா?