ஓரியா, ஹரியா?

அவையோருக்கு வணக்கம். அருகிப்போன ஆண்பெயர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பட்டியல் வாசிக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறேன். என் பேரன் பெயர் ஓரி.

பிறப்புச் சான்றிதழில் அது ‘ஹரி’ என்று வந்துவிட்டது. திருத்தப் போனால், “ஓரியா, ஹரியா? சரியாகச் சொல்லுங்கள் ஐயா” என்கிறார் எழுத்தர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. சேலத்தில் அதியமான்களைப் பார்த்திருக்கிறேன், பாரிகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு ஓரியை நானும் கண்டதில்லை. ஆனால் சங்ககால வள்ளல் வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை, 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை நம் சேலம் மாவட்டத்து மலைதான்.

அடுத்த வீட்டுக்காரர் அகராதியைப் புரட்டிவிட்டு ஓடிவந்தார். “ஓரி என்றால் கிழநரியாமே!” ஆமாம், நரியும் உண்டு, முசுக்குரங்கும் உண்டு, குதிரையின் பிடரிமயிரும் உண்டு. சிறுபாணாற்றுப்படை அவனை ‘ஓரிக் குதிரை ஓரி’ என்கிறது. ஏறியவனுக்கும் ஏறிய குதிரைக்கும் ஒரே பெயர். பிடரியை வைத்து வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். நான் தேன் கட்சி.

தேன் முதிர்ந்தால் அடையில் ஒரு நீலம் படரும். அந்த நிறத்துக்கும் ஓரி என்று பெயர். பாரியின் பறம்பைப் பாடும் கபிலர், ‘அணிநிற ஓரி பாய்தலின்’ குன்று தேன் சொரியும் என்கிறார். அங்கே பாய்ந்தது நிறமா, குரங்கா என்று உரைகளில் இரண்டு கருத்து உண்டு. மலைத்தேனைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் பழக்கமுள்ள எனக்கு நிறம்தான் பொருந்துகிறது. மலைத்தலைவனுக்கு இதைவிட என்ன பெயர் வேண்டும்?

ஓரியைக் காரி என்ற இன்னொரு தலைவன் கொன்றான், கொல்லி சேரனுக்குப் போயிற்று. அந்தக் கதை இன்று வேண்டாம். வன்பரணரின் பாட்டுக்கு வருகிறேன், புறநானூறு 152. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். அதற்குப் பின்னால் வருவதுதான் எனக்குப் பிடித்தது. எய்தவன் யாரென்று தெரியாமலே பாணர்கள் அவன்முன் பாடுகிறார்கள். பாடி முடித்து ‘கோ’, அதாவது அரசன், என்று சொன்னதும், ‘ஆங்கது தன்பெயர் ஆகலின் நாணி’ நிற்கிறான். யானையை அடித்தவன், பெயரைக் கேட்டுக் கூசுகிறான்! பிறகு மான்கறியும், உருக்கிய நெய் போன்ற மதுவும், பொன்னும் மணியும் கொடுக்கிறான்.

நாளை மறுபடியும் அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். புறநானூற்றைப் பையில் வைத்தாயிற்று. எழுத்தர் மறுபடியும் “ஓரியா, ஹரியா” என்று கேட்டால், அதே பாட்டில் அந்த வேட்டுவனைப் பார்த்து வன்பரணர் திகைத்த அடியைக் காட்டுவேன்: ‘ஓரி கொல்லோ? அல்லன் கொல்லோ?’