ஒரு மணித்தியாலம் கச்சான் விற்றால் வேலை கிடைத்துவிட்டதா?

(காட்சி: ஏ9 வீதி, முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடி, கச்சான் கடைகள்)

வணக்கம். 2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, போதாக்குறைக்கு வவுனியாவில் கடவுச்சீட்டுக்கும் வரிசை. நாட்டின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கிய அந்த ஆண்டில் வேலையின்மை வீதம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏறவில்லை. முந்தைய ஆண்டில் 5.1 சதவீதமாக இருந்தது 4.7 ஆகக் குறைந்தது!

கணக்கெடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் தொழிற்படை (வேலையில் உள்ளவர்களும் வேலை தேடுபவர்களும்) மதிப்பீட்டைக் காலாண்டு தோறும் ஒழுங்காகவே நடத்துகிறது. சலிப்பூட்டும் பின்னணி இவ்வளவுதான்; இனிக் கச்சானுக்கு வருவோம்.

பட்டப்படிப்பை முடித்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். முறிகண்டியில் அவளுடைய தாயார் கச்சான் கடை வைத்திருக்கிறார். வாகனங்கள் நிற்கின்றன, பயணிகள் தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டுக் கடைப் பக்கம் திரும்புகிறார்கள். தாயார் சாப்பிடப் போன இடைவெளியில், மணலில் வறுத்த சூடான கச்சானைச் சரைகளில் போட்டுக் கொடுத்துக்கொண்டு மகள் ஒரு மணித்தியாலம் இருக்கிறாள். அவளுக்குச் சம்பளம் ஒரு சதமும் இல்லை. ஆனாலும் அந்த வாரம் கணக்கெடுப்பாளர் வந்தால், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உழைப்பவர் என்ற வகையில் அவள் வேலையில் உள்ளவள். முந்தைய வாரத்தில் ஒரு மணித்தியாலம் உழைத்திருந்தாலே போதும் என்பதுதான் விதி.

சரி, அவள் கடைப் பக்கமே போகவில்லை என்று வைப்போம். அப்போதும் வேலையற்றவர் என்ற பெயர் இலேசில் கிடைக்காது. கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியிருக்க வேண்டும். கிடைத்தால் இரண்டு வாரங்களுக்குள் சேரவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். விண்ணப்பித்து விண்ணப்பித்துச் சலித்துப்போய் இருந்துவிட்டால், அவள் தொழிற்படையிலேயே இல்லை. இலங்கைப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படைக்குள் இருக்கிறார்கள் என்பதையும் இந்த இடத்தில் நினைவில் வைத்திருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு இதுதான். நாட்டின் மொத்த உற்பத்தியில் 40 சதவீதத்துக்கும் மேல் மேல் மாகாணத்திலிருந்து வருகிறது. அதனால் நம்முடைய பிள்ளைகளும் கொழும்புக்குப் போகிறார்கள். அங்கே ஓர் இளைஞனின் வேலை பறிபோனால் அறை வாடகையும் சாப்பாட்டுக் கடைக் கணக்கும் அவனைச் சும்மா இருக்க விடுவதில்லை. வேலை தேடி அலைகிறான், ஆகவே வேலையற்றவனாகப் பதியப்படுகிறான். அதே இளைஞன் வெள்ளவத்தையில் இரவுப் பேருந்து ஏறிக் கிளிநொச்சியில் இறங்கி, இரணைமடு வாய்க்காலிலிருந்து தகப்பனின் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அந்த வாரமே வேலையுள்ளவனாகிவிடுகிறான். எந்தத் தொழிற்சாலையும் இவ்வளவு விரைவாக வேலை கொடுத்ததாக நான் அறியவில்லை.

2022இல் தொழிலுக்காக வெளிநாடு போனவர்கள் 3 இலட்சத்துக்கும் அதிகம். அவர்கள் கணக்கிலேயே இல்லை.

ஒரு மணித்தியால விதி இலங்கை கண்டுபிடித்ததல்ல, பல நாடுகளும் பின்பற்றும் அளவுகோல்தான். எனவே திணைக்களத்தை நான் குறை சொல்லவில்லை. உழைத்த மணித்தியாலங்களையும் கைக்கு வந்த கூலியையும் பக்கத்தில் வைக்காமல் அந்த ஒற்றை வீதத்தை மட்டும் மேடைகளில் வாசிப்பவர்களிடம்தான் என் கோபம். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் மாதக்கணக்கில் வீதியோரம் இருந்து போராடிய வேலையற்ற பட்டதாரிகளிடம் இந்த வரைவிலக்கணத்தை வாசித்துக் காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

நம்மிடமும் ஒரு பிடிவாதம் உண்டு. உழவு இயந்திரத்தோடு விடியற்காலையில் போய்ப் பொழுதுபட வீடு திரும்பும் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "தம்பிக்கு இன்னும் ஒரு வேலை சரிவரவில்லை" என்பார் தாய். வேலை என்றால் அவருக்கு அரசாங்க உத்தியோகம் மட்டுமே. திணைக்களம் ஒரு மணித்தியாலத்தை வேலை என்கிறது. அம்மா பன்னிரண்டு மணித்தியாலத்தையும் வேலை இல்லை என்கிறார்.