நெடுந்தீவின் கல்வேலிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையில் படகேறி ஒரு மணி நேரம் போனால் நெடுந்தீவு. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தரைவழி வந்துவிட்டது. நெடுந்தீவுக்கு இன்றும் கடல்தான் வழி. போகிறவர்கள் கோட்டையைப் பார்க்கிறார்கள், மட்டக்குதிரைகளைப் பார்க்கிறார்கள், பருத்த அடிமரம் கொண்ட பெருக்கு மரத்தடியில் படம் எடுக்கிறார்கள், பின்னேரப் படகைப் பிடிக்க ஓடுகிறார்கள். வழிநெடுகக் கூடவே வருகிற முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், வேலிகளை நின்று பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு அதுதான் பெரிய மனக்குறை.

யாழ்ப்பாணத்தில் வேலி என்றால் நட்டுத் தழைக்கும் கதியால் தடிகளும் தென்னோலையில் பின்னிய கிடுகும். இங்கே நிலமே முருகைக்கல். அந்தக் கல்லைப் பொறுக்கி, சுண்ணாம்போ சிமெந்தோ இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள்: கல்லின் முகத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னத் துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்தது. அடுக்கின் இடுக்குகளால் கடற்காற்று புகுந்து போகும். அதனால் அடைத்துக் கட்டிய சுவரைப் போல வேலி காற்றை முழுதாகத் தாங்க வேண்டியதில்லை.

இதே கல்தான் தீவின் வரலாறு முழுவதும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பயன்படுத்திய கோட்டை முருகைக்கல். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துப் பெயரை ஒல்லாந்தர் இந்தத் தீவுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். ஆங்கிலத்தில் இன்றும் அதுவே. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி குதிரை வளர்த்த லாயத்தின் தூண்களும் அதே கல். காட்டில் திரியும் குதிரைகள் அந்தப் பழைய வளர்ப்பின் வழி வந்தவை. கடும் வறட்சியில் தண்ணீரின்றிச் செத்தும் போகின்றன. மேற்கே ஊரார் வெடியரசன் கோட்டை என்கிற இடத்தில் வட்ட வட்டமான அடித்தளங்கள் இருக்கின்றன. அவை பௌத்தத் தூபிகளின் எச்சம் என்கிறார்கள் தொல்லியலாளர்கள். அங்கேயும் முருகைக்கல்தான்.

கோட்டை இடிந்தால் செய்தியாகிறது. வேலி சரிந்தால் அந்த இடத்தில் முட்கம்பி வருகிறது, அவ்வளவுதான். வேலியையும் மரபுச் சின்னமாக எண்ணிக் காக்க வேண்டும் என்பது என் கருத்து. சரி, எப்படி? கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது எங்கே உட்காரும் என்று கையாலேயே அறிகிற முதியவர்கள் இருக்கும்போதே, ஊர்ப் பிள்ளைகள் அந்த வேலையைப் பழகட்டும். பழக்குகிறவருக்கும் பழகுகிறவருக்கும் பிரதேச சபை நாட்கூலி கொடுக்கட்டும். வருகிறவர்கள் ஒரு கல்லைக்கூட நினைவுக்கென்று பையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நன்றி, வணக்கம்.