ஜார்ஜ் தெருவின் கடைசி வீடு

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷர் பகுதியில், பிராட்ஃபோர்டு நகரத்துக்குப் பக்கத்தில் சால்ட்டேர் என்று ஒரு ஆலை ஊர் இருக்கிறது. அங்கே ஜார்ஜ் தெரு என்று ஒரு தெரு. அந்த ஒரு தெருவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஊரைக் கட்டியவர் டைட்டஸ் சால்ட். அல்பாக்கா என்ற தென் அமெரிக்க விலங்கின் ரோமத்தை நூற்றுத் துணியாக்கிப் பெரும் பணம் சம்பாதித்த ஆலை முதலாளி. 1848இல் பிராட்ஃபோர்டின் மேயரானார். மறு வருஷமே நகரத்தில் காலரா வந்தது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைக்கு அங்கே தொழிலாளிகள் குடியிருந்த வீடுகளைக் கொஞ்சம் மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். இரண்டு வரிசை வீடுகள் ஒரே பின்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும். பக்கத்துக்கு ஒரு வீடு. ஆக, மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். காற்றும் வெளிச்சமும் வாசல் பக்கமாக மட்டுமே வர முடியும். கொல்லை கிடையாது. கழிப்பிடம் பல குடும்பங்களுக்குப் பொது. நோய் பரவுவதற்கு வேறென்ன வேண்டும்?

சால்ட் தன் ஆலைகளை நகரத்துக்கு வெளியே ஏர் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார். சால்ட்டும் ஏரும் சேர்ந்துதான் சால்ட்டேர். பக்கத்திலேயே கால்வாய், ரயில் பாதை. புது ஆலை 1853 செப்டம்பர் 20 அன்று, அவருடைய ஐம்பதாவது பிறந்த நாளில் திறந்தது. ஆலை முதலில், வீடுகள் அப்புறம். முதலில் எழுந்த வரிசைகளில் ஒன்று ஜார்ஜ் தெரு. ஜார்ஜ் அவருடைய மகன். மனைவி கரோலின் பேரிலும் தெரு உண்டு. ஊரை வரைந்த லாக்வுட், மாசன் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் பேரிலும் தெருக்கள் உண்டு. கல் அடுக்கிய கொத்தனார்கள் பேரில் ஒன்று இருந்திருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

தெருவுக்குள் போவோம். தரை ஆற்றை நோக்கிச் சரிகிறது. இரண்டு பக்கமும் தேன் நிறக் கல் வீடுகள், நடுவில் இடைவெளி இல்லாத வரிசை. சுவரைத் தொட்டுப் பார்த்தால் சொரசொரப்பு. சுத்தியலால் கொத்தியதோடு விட்டிருக்கிறார்கள். ஜன்னலைச் சுற்றியும் வாசலைச் சுற்றியும் வரும் கல் மட்டும் இழைத்த கல், வழவழவென்றிருக்கும். தொழிலாளி வீட்டு ஜன்னலுக்கும் அந்த மரியாதை உண்டு. உள்ளே ஒரு கூடம், பின்னால் சமையலறை, கீழே நிலவறை, மேலே படுக்கையறைகள். குழாய்த் தண்ணீர், எரிவாயு விளக்கு. எல்லாவற்றையும் விட முக்கியம், பின்பக்கம் ஒரு கதவு. அதைத் திறந்தால் சின்னக் கொல்லை, சொந்தக் கழிப்பிடம், கரி போட்டுவைக்க இடம், அதற்குப் பின்னால் ஒரு சந்து. முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைத்தால் காற்று வீட்டுக்குள் நுழைந்து வெளியே போகும். அந்தப் பின்கதவைத்தான் நான் இந்த ஊரின் மிகப் பெரிய சாதனை என்று சொல்வேன்.

சரி, இப்போது தலையை நிமிர்த்திக் கூரை வரிசையைப் பாருங்கள். இரண்டு தள வீடுகளாகவே வந்து, வரிசை முடியும் இடத்தில் மூன்று தள வீடு ஒன்று எழுந்து நிற்கும். அழகுக்காகத்தான் என்று முதலில் தோன்றும். கண்ணுக்கு அழகாகவும் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட பெரிய வீடுகள் ஆலையின் மேற்பார்வையாளர்களுக்கும், தனி ஆட்கள் தங்கும் விடுதிகளுக்கும் கட்டியவை. தெருவில் சாதாரணமாக நடந்து போகிறவனுக்கே யார் யாருக்குக் கீழே என்பது தெரிந்துவிடும். ஆலையின் வருகைப் பதிவேட்டைக் கல்லில் எழுதி வைத்த மாதிரி. ஊரின் மேற்கு ஓரத்துக்குப் போனால் நிர்வாகிகளின் வீடுகள் இன்னும் பெரியவை, அன்றைக்கு அவை திறந்த வயல்வெளியைப் பார்த்திருந்தன.

வீட்டுக்காரரும் முதலாளியும் ஒருவரே என்பதை மறந்துவிடக் கூடாது. மதுக்கடைக்கு ஊரில் இடம் கொடுக்கவில்லை. தேவாலயம், பள்ளி, மருத்துவமனை, படிப்பகம் எல்லாம் கொடுத்தார். முதியோருக்கு 45 வீடுகள் கட்டி, தம்பதிக்கு வாரம் 10 ஷில்லிங்கும் தனியாளுக்கு ஏழரை ஷில்லிங்கும் ஓய்வுப் பணம் தந்தார். அதற்கும் நல்லொழுக்கம் என்ற நிபந்தனை இருந்தது. அக்கறையும் அதிகாரமும் ஒரே சுவருக்குள் குடியிருந்தன. ஒன்றை மட்டும் எடுத்துச் சொன்னால் தெருவைப் பாதிதான் பார்த்திருக்கிறோம்.

1986இல் ஆலை நின்றது. மறு வருஷம் ஜோனதன் சில்வர் என்பவர் அதை வாங்கி, பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் படங்களுக்குக் கூடம் அமைத்தார். 2001இல் ஊர் முழுவதும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

என் கவலையெல்லாம் ஜன்னல்களைப் பற்றி. பழைய மரச் சட்ட ஜன்னல் குளிரைத் தடுக்காது, பழுது பார்க்கவும் செலவாகும். அதனால் பிளாஸ்டிக் சட்டம் போட்டுக்கொண்ட வீடுகள் அங்கே உண்டு. குடியிருப்பவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பழைய மரச் சட்டம் மெலிதானது, கண்ணாடிக்கு இடம் விடும். புதுச் சட்டம் தடிமன், கண்ணாடியைக் குறுக்கிவிடும். இழைத்த கல்லுக்குள் ஜன்னல் ஒடுங்கிப் போனதும் அந்த வீட்டின் முகமே மாறிவிடுகிறது. மரத்தில் இரட்டைக் கண்ணாடி பொருத்தி அதே மெல்லிய அளவில் செய்துகொடுக்கும் தச்சர்கள் இருக்கிறார்கள். கூடுதல் செலவைக் குடியிருப்பவர் தலையில் மட்டும் கட்டாமல் பொதுப் பணமும் பங்கேற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நன்றி, வணக்கம்.