உங்கள் மாம்பழப் புழுவுக்கு ஆப்பிரிக்காவில் சொந்தக்காரர்கள்! பழ ஈயின் மரபணு சொல்லும் கதை

[திரையில்: பிளந்த பங்கனப்பள்ளி, கொட்டையை ஒட்டி நெளியும் வெள்ளைப் புழுக்கள்]

வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், கத்தி வைத்தால் உள்ளே நெளியும். வேலூர் மாவட்டத்தில் இதைப் பார்க்காத வீடு இருக்காது. இந்தப் புழுவின் சொந்தக்காரர்கள் இன்றைக்கு கென்யாவில் இருக்கிறார்கள், ஹவாய் தீவுகளில் இருக்கிறார்கள், கலிபோர்னியாவில் அடிக்கடி பிடிபடுகிறார்கள். யார் எங்கிருந்து கிளம்பிப் போனது என்று அந்த ஈயின் டிஎன்ஏவே சொல்கிறது. அதில் நம் தென்னிந்தியாவைப் பற்றி ஒரு முடிவு வந்திருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் அதுவரைக்கும் கட்டாயம் பாருங்கள்.

முதலில் ஈயைப் பற்றி வேகமாக. பெயர் பேக்ட்ரோசெரா டார்சாலிஸ். பெண் ஈ பழத்தோலைக் குத்தி அடியில் முட்டை வைக்கும், புழு சதையைத் தின்னும், பழம் விழும், புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வெளியே வரும். நம் வெயிலில் இது எல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். மாம்பழம் மட்டுமல்ல, கொய்யா, பப்பாளி என்று எதையும் விடாது. 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குக் கதவைச் சாத்தியதற்குக் காரணமும் பழ ஈக்கள்தான். அடுத்த வருஷம்தான் திறந்தார்கள்.

சரி, கதைக்கு வருவோம். 2003-ல் கென்யாவில் அதுவரை அங்கே இல்லாத ஒரு பழ ஈ மாட்டியது. சில வருஷத்திலேயே சகாராவுக்குத் தெற்கே பெரும்பாலான நாடுகளில் பரவிவிட்டது. 2005-ல் அதைப் புது இனம் என்று முடிவு செய்து பேக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் இணைசேர்த்துப் பார்த்தார்கள், டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள், ஆண் ஈ விடும் வாசனையைக்கூட ஒப்பிட்டார்கள். எல்லாம் ஒன்று! 2015-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, 'இது ஆசியாவின் அதே டார்சாலிஸ்தான்' என்று அறிவித்தார்கள். எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. வேறு இனம் என்று எழுதிவிட்டால் குவாரண்டைன் விதியும் வேறு ஆகிவிடும். பத்து வருஷம் சின்ன விஷயமா?

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஈயின் டிஎன்ஏவைப் பார்த்து ஊரை எப்படிச் சொல்கிறார்கள்?

குடியாத்தம் லுங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தறி ஓடும் தெருக்களை எல்லாம் சுற்றினால் கட்டம், கோடு, கரை, நிறம் என்று கணக்கில்லாத டிசைன் கிடைக்கும். சில டிசைன் எல்லாத் தெருவிலும் ஓடும், சிலது ஒரே ஒரு வீட்டுத் தறியில்தான் ஓடும். ஒரு வியாபாரி ஒரே ஒரு லுங்கிக் கட்டை மட்டும் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறுகிறார் என்று வையுங்கள். அதில் இருப்பது ஐந்தாறு டிசைன். போன இடத்தில் அதைப் பார்த்துப் பார்த்தே நெய்கிறார்கள். ஐம்பது வருஷம் கழித்து அங்கே லட்சம் லுங்கி இருக்கலாம், ஆனால் டிசைன் அதே ஐந்தாறுதான்! அப்படியென்றால், எங்கே அதிக டிசைன் இருக்கிறதோ அதுதான் பழைய ஊர், எங்கே எண்ணிக்கை நிறைய இருந்தும் டிசைன் கம்மியோ அங்கே சமீபத்தில் கொஞ்சம் பேர்தான் போய் இறங்கியிருக்கிறார்கள். இன்னும் கேளுங்கள். அந்த லுங்கிக் கட்டில் ஒரே வீட்டுத் தறியில் ஓடும் டிசைன் ஒன்று இருந்தால், எந்தத் தெருவில் வாங்கியது என்றே சொல்லிவிடலாம். எல்லாத் தெருவிலும் ஓடும் டிசைன் மட்டும் இருந்தால் தெருவைச் சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தெருக்களின் டிசைன்கள் கலந்து கிடந்தால், ஒரு வியாபாரி இல்லை, பல பேர் தனித்தனியாக வந்து போயிருக்கிறார்கள். நெய்யும்போது அங்கங்கே ஒரு இழை தப்பும் இல்லையா, அந்தப் பிழைகூட அடுத்த லுங்கிக்குப் போகும். எத்தனை பிழை சேர்ந்திருக்கிறது என்று எண்ணினால் பிரிந்து எவ்வளவு காலம் ஆனது என்று ஒரு மதிப்பும் கிடைக்கும்.

ஈயில் அந்த டிசைன்தான் மரபணு வகை. தாய் வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை நிறையப் பேர் பார்ப்பார்கள், இப்போது முழு மரபணுத்தொகுதியையே, அதாவது ஈயின் மொத்த டிஎன்ஏவையும் படிக்கிறார்கள். ஹவாய்க்கு இந்த ஈ 1940-களில் வந்தது. அங்கே ஈ ஏராளம், ஆனால் மரபணு வகை கம்மி. கலிபோர்னியாவில் பிடிபடும் ஈக்கள் ஒரே இடத்துச் சரக்கு இல்லை, பல இடங்களிலிருந்து பல தடவை வந்தவை. நான் முதலில் சொன்ன முடிவு இதுதான்: சில வருஷத்துக்கு முன் வந்த ஒரு முழு மரபணுத்தொகுதி ஆய்வு, இந்த ஈயின் பூர்வீகம் தென்னிந்தியப் பகுதி என்றும், ஆப்பிரிக்காவுக்கு இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து நேராகவே போயிருக்கிறது என்றும் சொல்கிறது.

[திரையில்: இந்தியப் பெருங்கடல் வரைபடம், அம்புக்குறி]

இதனால் நம் தோப்புக்கு என்ன? பசிபிக்கில் ரோட்டா என்று ஒரு குட்டித் தீவு. மெத்தில் யூஜினால் வாசனைக்கு ஆண் ஈ பைத்தியமாக ஓடிவரும். நம் துளசியில்கூட அந்தப் பொருள் இருக்கிறது. அதோடு பூச்சிமருந்தைச் சேர்த்துத் தீவு முழுக்கப் போட்டு, 1963-ல் ஒரு ஈ விடாமல் ஒழித்தார்கள். ஒகினாவாவிலும் 1986-க்குள் முடித்தார்கள். தீவில் சுற்றிலும் கடல், வெளியிலிருந்து புது ஈ அவ்வளவு சுலபமாக வராது. நம் ஊரில் ஈயின் பூர்வீகமே இது, மரபணு வகை ஏராளம், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தாங்கி நிற்கும் ஈ ஏதாவது ஒன்று கூட்டத்தில் இருக்கத்தான் செய்யும். பக்கத்துத் தோப்பிலிருந்து பறந்தும் வரும், சித்தூர் லாரியில் பழத்தோடும் வரும்.

அதனால் ஒருவர் மட்டும் இந்த மெத்தில் யூஜினால் வாசனை வைத்த பொறி நாலு மாட்டினால் போதாது. பொறியில் விழுவது ஆண் மட்டும்தான். தப்பிய ஒரு ஆண் பல பெண்களோடு சேரும், வெளியே இணைசேர்ந்த பெண் நேராக உங்கள் தோப்புக்கே வந்து முட்டை வைக்கும். ஊரே சேர்ந்து ஒரே நேரத்தில் மாட்டவேண்டும், காய் முற்றும் முன்னாடியே. ஏக்கருக்கு எத்தனை என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். விழுந்த பழத்தை மரத்தடியில் விடாதீர்கள், பொறுக்கி அழித்துவிடுங்கள். அறுவடை முடிந்ததும் ஒரு உழவு போட்டால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெயிலுக்கு வந்துவிடும்.

உங்கள் ஊரில் எல்லாத் தோப்பும் சேர்ந்து பொறி வைக்கிறீர்களா? ஊர்ப் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். இந்த வீடியோவைப் பக்கத்துத் தோப்புக்காரருக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள், நீலம் காய்க்கு இன்னும் நாள் இருக்கிறது.