வசனம் எழுதாத சிரிப்புப் படம்

நேயர்களுக்கு வணக்கம்.

வசனமே எழுதாமல் ஒரு முழுநீள நகைச்சுவைப் படம் எடுக்க முடியுமா என்று இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். முடியும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருந்துகொண்டே இயக்குநர் லின் ஷெல்டன் அதைச் செய்து காட்டினார். 2020 மே மாதம், தமது 54ஆம் வயதில் அவர் காலமானார். கையில் பெரிய பணம் இல்லாமல் படம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அவருடைய வேலை முறையைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஷெல்டன் எடிட்டராக இருந்து இயக்குநர் ஆனவர். முதல் படத்தை முழு ஸ்கிரிப்ட், பெரிய யூனிட் என்று வழக்கப்படிதான் எடுத்தார். அத்தனை பேர் சூழ்ந்து நிற்கும்போது நடிகர் இயல்பாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே பார்த்தார். அடுத்த படத்திலிருந்து வரிசையையே தலைகீழாக மாற்றினார். முதலில் நடிகர், அப்புறம் அந்த நடிகரோடு சேர்ந்து பாத்திரம், அதற்குப் பிறகுதான் கதை.

2009இல் வந்த ‘ஹம்ப்டே’ அப்படி உருவான படம். கல்லூரி நண்பர்கள் இருவர். ஒருவன் கல்யாணம் ஆகி வீடு, வேலை என்று அடங்கிவிட்டான். இன்னொருவன் ஊர் சுற்றி. ஒரு விருந்தில், போதையில், வயது வந்தோருக்கான வில்லங்கமான ஒரு படத்தில் இருவரும் சேர்ந்து நடிப்பதாகச் சவால் விட்டுவிடுகிறார்கள். விடிந்த பிறகு பின்வாங்க இருவரையும் ரோஷம் விடவில்லை. அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு காட்சியிலும் என்ன நடக்க வேண்டும் என்பது எழுதப்பட்டிருந்தது. பேச்சு மட்டும் நடிகர்களுடையது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, விஷயம் மனைவிக்குத் தெரியவரும் இடம். கணவன் ஏற்கெனவே சொல்லியிருப்பான் என்று நினைத்து நண்பன் பேசிக்கொண்டே போகிறான். மனைவியாக நடித்த அலிசியா டெல்மோருடைய முகம் மெல்ல மாறுகிறது. யாரும் ஜோக் அடிக்கவில்லை. நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதிரில் இருப்பவர் சொல்வதை நிஜமாகக் காது கொடுத்துக் கேட்டால்தான் இப்படி ஒரு முகம் வரும். தன் அடுத்த பஞ்ச் வசனத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும் நடிகருக்கு அது வராது.

சரி, இதை எப்படிப் படம் பிடிப்பது? சிக்கலே இங்கேதான். எழுதிய வசனம் என்றால் ஒருவர் பக்கம் ஒரு முறை, மற்றவர் பக்கம் ஒரு முறை என்று தனித்தனியாக எடுத்து ஒட்டிவிடலாம். அந்த நேரத்தில் தோன்றிய பேச்சு அடுத்த டேக்கில் அதே மாதிரி வராது. சொல் மாறும், சொல்லும் வேகம் மாறும், எதிராளி திடுக்கிடுவதும் பொய்யாகிவிடும். ஆகவே இரண்டு கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். பேசுபவரும் கேட்பவரும் ஒன்றாகப் பதிவானார்கள். காட்சிகளைக் கதை போகும் வரிசையிலேயே எடுத்ததால், முந்தைய நாள் தற்செயலாக வந்த ஒரு சொல்லை மறுநாள் காட்சியில் தொடர முடிந்தது. வளவளவென்று நீண்ட பேச்சிலிருந்து உயிருள்ள பகுதியை மட்டும் பொறுக்கி எடுப்பது எடிட்டிங் மேசையில். உண்மையில் திரைக்கதையின் கடைசிப் பிரதி அங்கேதான் எழுதப்படுகிறது. செல்போனில் குறும்படம் எடுக்கும் நண்பர்கள் இன்னொரு போனை இரவல் வாங்கியாவது இதைச் செய்து பாருங்கள்.

‘ஹம்ப்டே’ அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசு பெற்றது. பிறகு ஷெல்டன் ‘மேட் மென்’ போன்ற பெரிய தொலைக்காட்சித் தொடர்களிலும் பணியாற்றினார். ஆனாலும் 2019இல் வந்த கடைசிப் படமான ‘ஸ்வோர்ட் ஆஃப் டிரஸ்ட்’டுக்கு இந்த முறைக்கே திரும்பினார். அலபாமாவில் ஓர் அடகுக் கடை, அங்கே விற்க வரும் ஒரு பழைய வாள், அதைச் சுற்றி நடக்கும் கூத்து. அதில் ஒரு வண்டியின் பின்புறம் நான்கு பேர் உட்கார்ந்து பேசும் நீண்ட காட்சி ஒன்று இருக்கிறது. அடகுக் கடைக்காரராக வரும் நடிகர் மார்க் மேரன் தன் பாத்திரத்தின் கடந்த காலத்தைச் சொல்லும்போது மற்ற மூவரும் எப்படிக் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஷெல்டனும் இந்தப் படத்தில் ஒரு சின்ன வேடத்தில், மேரனுக்கு எதிரே, நடித்திருக்கிறார். வாய்ப்புக் கிடைத்தால் அவசியம் பாருங்கள். நன்றி, வணக்கம்.