பொய் விரலும் மூன்றாவது முள்ளும்

வணக்கம் நேயர்களே. மின்சாதனங்கள் கடைக்கு வருமுன் எப்படிப் பரிசோதிக்கப்படுகின்றன என்று பேச அழைத்திருக்கிறார்கள். மின் கேத்தலையே எடுத்துக்கொள்வோம். இந்த நேரத்தில் பல வீடுகளில் அதுதான் கொதித்துக்கொண்டிருக்கும்.

பரிசோதனைக்கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கருவி ஒரு விரல். உலோகத்தில் செய்த பொய் விரல். 12 மில்லிமீற்றர் பருமன், 80 மில்லிமீற்றர் நீளம், நம்முடையதைப் போலவே மடிகிற மூட்டுகள். சாதனத்தின் ஒவ்வொரு துவாரத்திலும் இடுக்கிலும் அதை நுழைத்து, வளைத்து, திருப்பிப் பார்ப்பார்கள். உள்ளே மின்னோடும் பகுதியைத் தொட்டுவிட்டால் அந்த வடிவமைப்புத் தோற்றது. சிறுபிள்ளைகளின் விரலளவில் வேறு விரல்களும் உண்டு. சர்வதேசத் தர நிபுணர்கள் கூடியிருந்து, சும்மா இருக்கத் தெரியாத ஒரு விரலின் அளவுகளை எழுதி வைத்திருக்கிறார்களே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மனிதரை நன்றாக அறிந்தவர்கள்தான்.

இந்த விரல் சோதனை, மாதிரிக்கென்று எடுத்த சாதனத்துக்கு நடப்பது. தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு கேத்தலுக்கும் வேறு சோதனை. வீட்டுக்கு வருவது 230 வோல்ற். அங்கே உட்கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையில் 1000 வோல்ற் அளவில் கொடுத்து, மின் கசியாமல் தடுக்கும் காப்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு எர்த் சோதனை. எர்த் என்பது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் பாதை. பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து உலோக உடல் வரை 10 அம்பியருக்குக் குறையாமல் மின்னோட்டம் செலுத்துவார்கள். ஏன் அவ்வளவு? கம்பியில் ஒரே ஒரு செப்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் கைக்கடக்கமான மீற்றர் 'இணைப்பு இருக்கிறது' என்று காட்டிவிடும். பெரிய மின்னோட்டத்திடம் அந்தப் பொய் நிற்காது.

இவ்வளவும் தேறி வந்த கேத்தலை நாம் என்ன செய்கிறோம்? எர்த் கம்பியை வெட்டிவிட்டு இரண்டு முள் பிளக்கைப் பூட்டுகிறோம். அது சதுரத் துளை பொயின்ற்றுக்குள் போகாது. உடனே குமிழ்முனைப் பேனையை மேல் துளைக்குள் குத்தி, உள்ளேயிருக்கும் மூடியைத் திறந்து, பலவந்தமாகச் செருகுகிறோம். யாழ்ப்பாணத்தில் இதைப் பார்க்காதவர் யார்? எர்த் முள் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதே, முதலில் எர்த் தொடவேண்டும், பிறகே மூடி திறக்கவேண்டும் என்பதற்காக. அந்த ஒழுங்கைப் பேனையால் குலைக்கிறோம்.

திரும்பவும் சொல்கிறேன்: அந்தக் கேத்தல் தேறியது எர்த் இருக்கும் என்ற நம்பிக்கையில். உள்ளே கம்பி கழன்று உடலில் பட்டால், எர்த் இருந்தால் பெரிய மின்னோட்டம் ஓடி பியூஸ் எரியும், அல்லது மின் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் விழும். இல்லாவிட்டால் 230 வோல்ற்றோடு கேத்தல் சாதுவாக மேசையில் இருக்கும், ஈரக்கை வரும்வரை. உடலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம் பொறித்த சாதனங்களுக்கு மட்டும் எர்த் தேவையில்லை; அவற்றில் இரட்டைக் காப்பு இருக்கிறது.

நிலத்துக்குள் இறங்கும் வீட்டு எர்த் கம்பியையும் கவனியுங்கள். நம்முடையது சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய மண் போர்த்திய நிலம். ஆடி, ஆவணி வெயிலில் மண் காய்ந்தால் அதன் மின்தடையும் ஏறும். மாரியில் அளந்த அளவை நம்பியிருக்கக் கூடாது.

கனடாவிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் சாதனங்களைப் பற்றியும் ஒரு சொல். அங்கே முறையாகத் தேறியவைதான். ஆனால் 120 வோல்ற்றுக்கு. இங்கே நேரடியாகச் செருகினால் வெப்பச்சுருளில் மூன்றரை மடங்குக்கும் மேல் வெப்பம் பிறக்கும். பெட்டியில் இருக்கும் தர முத்திரை அப்போது உதவாது.

ட்ரிப் சுவிட்சைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் கைகாட்டுகிறார்கள். சுருக்கமாக: அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்துங்கள், விழாவிட்டால் மின்னிணைப்பாளரை அழையுங்கள். அது விழுந்தாலும் வீட்டு எர்த் சரியென்று அர்த்தமில்லை, அதைத் தனியாக அளக்கவேண்டும். அழுத்துமுன் கணினியை நிறுத்திவிடுங்கள். வணக்கம்.